கட்டளைவரிக் கேள்வி பதில்: தேதியைப் பிழையின்றி எழுதுவதும் கோப்பின் நேரத்தைப் படிப்பதும்

இம்முறை வந்த மடல்களில் பெரும்பாலானவை தேதியைப் பற்றியவை. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். கட்டளைகளையும் குறியெழுத்துகளையும் உச்சரிப்பின்படியே அச்சிட்டிருக்கிறோம். கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பேரெழுத்து வர வேண்டிய இடங்களில் ‘பெரிய’ என்று சேர்த்து எழுதியிருக்கிறேன்; ‘ஐஎஃப்எஸ்’, ‘டிஇசட்’ ஆகிய மாறிகளின் பெயர்கள் மட்டும் முழுதும் பேரெழுத்து.

கேள்வி: எங்களுக்கு நாள்தோறும் வரும் அறிக்கைக் கோப்புகளின் முதல் வரியில், 03/04/2024 என்பதுபோல நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் தேதி இருக்கும். ‘டேட் -டி’ கட்டளையால் அதைப் படித்து, கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினேன். சில கோப்புகள் சரியாக அமைந்தன, சிலவற்றில் மாதம் மாறிப்போனது, சிலவற்றுக்குத் தேதி செல்லாது என்ற பிழைச்செய்தி வந்தது. ஒரே ஸ்கிரிப்ட் மூன்று விதமாக நடந்துகொள்வது ஏன்? பெயரில் தேதியை எந்த வடிவத்தில் எழுதுவது நல்லது?

பதில்: உங்கள் ஸ்கிரிப்ட் மூன்று விதமாக நடக்கவில்லை, முதல் கோப்பிலிருந்து ஒரே தவற்றைத்தான் செய்துவருகிறது. லினக்ஸில் உள்ள குனு ‘டேட்’ கட்டளை, சாய்கோடு இட்டுப் பிரித்து ஆண்டைக் கடைசியில் எழுதிய தேதியை எப்போதும் மாதம், நாள், ஆண்டு என்ற அமெரிக்க வரிசையிலேயே படிக்கும். கணினியின் மொழி அமைப்பை எப்படி மாற்றினாலும் இந்த வழக்கம் மாறாது. ஆகவே நீங்கள் ஏப்ரல் 3 என்று கொடுத்தது அதற்கு மார்ச் 4 ஆகிறது. 13/04/2024 என்று வரும்போது பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது மறுத்துவிடுகிறது. சரியாக அமைந்தவை என்று நீங்கள் சொல்லும் கோப்புகளை எடுத்துப் பாருங்கள். அவை 05/05, 07/07 போல நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவையாகத்தான் இருக்கும். பிழை காட்டி நின்ற கோப்புகளால் கெடுதல் இல்லை. ஒரு மாதத்தில் 12ஆம் தேதி வரை வந்து, ஓசையில்லாமல் வேறு மாதத்துக்குப் போய்விட்ட கோப்புகளைத்தான் நீங்கள் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேதியின் வரிசையை ஊகிக்கும் பொறுப்பை ‘டேட்’டிடம் விடாதீர்கள். வரியை எந்தக் குறியில் பிரிப்பது என்று சொல்லும் ‘ஐஎஃப்எஸ்’ மாறியில் சாய்கோட்டை வைத்து, ‘ரீட்’ கட்டளையால் அந்த வரியை நாள், மாதம், ஆண்டு என மூன்று மாறிகளாகப் பிரித்துக்கொண்டு, அவற்றை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் நீங்களே கோத்து, அதன் பிறகு ‘டேட் -டி’க்குக் கொடுங்கள். 2024-04-03 என்பதற்கு அந்தக் கட்டளையிடம் ஒரே பொருள்தான் உண்டு. 2023-02-31 போன்ற இல்லாத நாளைக் கொடுத்தால் தோல்வியைக் குறிக்கும் பூச்சியம் அல்லாத வெளியேற்றக் குறியோடு திரும்பிவிடும் என்பதால், தேதியைச் சரிபார்க்கும் வேலையும் அந்த ஒரே வரியில் முடிந்துவிடும்.

கோப்பின் பெயரிலும் இதே வடிவத்தையே எழுதுங்கள். 1988இல் முதன்முதலாக வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரம் வகுத்த வரிசை இது. ஷெல்லுக்குக் கோப்பின் பெயர் வெறும் எழுத்துச்சரம். அது பெயர்களை அடுக்கும்போது இடப்பக்க எழுத்திலிருந்துதான் ஒப்பிடும். பெரிய அலகான ஆண்டு முன்னாலும் சிறிய அலகான நாள் பின்னாலும், ஒவ்வொன்றும் மாறாத இலக்க எண்ணிக்கையிலும் இருந்தால், அகரவரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். ‘டேட்’ கட்டளையில் பிளஸ் குறியை அடுத்து ‘%பெரிய எஃப்’ என்று எழுதினால் இந்த வடிவம் கிடைக்கும். இதற்குப் பக்கத்தில் இருக்கும் ‘%பெரிய டி’ தருவதோ மாதம், நாள், ஈரிலக்க ஆண்டு. அதிலும் சாய்கோடுகளோடு தரும். அதைப் பெயரில் வைத்தால் ஷெல் அவற்றை அடைவுகளின் பாதை என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஓர் அடைவே இல்லை என்று சொல்லும்.

நேரத்தையும் சேர்க்க விரும்பினால் மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கிடையே முக்காற்புள்ளி இடாதீர்கள். விண்டோஸ் கணினிகள் கோப்பின் பெயரில் அதை ஏற்பதில்லை. மாதத்துக்குச் சிறிய ‘எம்’, நிமிடத்துக்குப் பெரிய ‘எம்’ என்பதையும் மறந்துவிட வேண்டாம். நானே ஒருமுறை இதை மாற்றி எழுதிவிட்டு, 47ஆம் மாதத்துக் காப்புப்பிரதி ஒன்றைக் கண்ட பிறகுதான் விழித்துக்கொண்டேன். அது 09 என்று வந்திருந்தால் இன்னும் பல வாரங்கள் கவனிக்காமலே இருந்திருப்பேன்.

வார எண்ணைப் பெயரில் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். ‘%பெரிய வி’ என்னும் வார எண்ணோடு ‘%பெரிய ஒய்’ என்னும் சாதாரண ஆண்டைச் சேர்க்கக் கூடாது. ‘%பெரிய ஜி’ என்னும் வார ஆண்டையே சேர்க்க வேண்டும். 2024 டிசம்பர் 30, ஐஎஸ்ஓ கணக்கின்படி 2025இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. இரண்டையும் மாற்றிச் சேர்த்தால் அன்றைய கோப்புக்கு 2024இன் முதல் வாரம் என்று பெயர் விழும். அந்த ஆண்டு ஜனவரியில் அதே பெயரில் சேமித்த கோப்பு இருந்தால் அதன்மேல் எழுதப்பட்டுவிடும்.

கேள்வி: பாஷ் என்னும் ஷெல்லுக்கு எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று ஜனவரி முதல் ஜூலை வரை ஒழுங்காக ஓடியது. ஆகஸ்ட் முதல் நாள் கணக்கு வரியில் பிழை காட்டி நின்றுவிட்டது. அதில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பதில்: மாற வேண்டியதில்லை, மாதமே மாறிவிட்டது. பாஷ் தன் கணக்கில் பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டு அடிமான எண்முறையில் எழுதியதாகக் கொள்ளும். அந்த முறையில் 0 முதல் 7 வரையிலான இலக்கங்களே உண்டு. ஆகவே 01 முதல் 07 வரை தற்செயலாகச் சரியான மதிப்பே கிடைக்க, 08உம் 09உம் செல்லாத எண்கள் ஆகிவிடுகின்றன. கணக்கில் மாறியின் பெயருக்கு முன்னால் டாலர் குறியையும், அதற்கும் முன்னால் ‘10#’ என்பதையும் சேர்த்தால், பத்து அடிமானத்தில் படி என்று பொருள். குனு ‘டேட்’டில் விழுக்காட்டுக் குறிக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு கழித்தல் குறியை இட்டு முன்பூச்சியமே வராமல் செய்வதும் ஒரு வழி. எப்படியானாலும் இப்போதே திருத்திவிடுங்கள். அக்டோபர் பிறந்தால் ஸ்கிரிப்ட் தானாகவே ஓடத் தொடங்கும். கோளாறு சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

கேள்வி: முனையத்தில் தட்டினால் சரியாக ஓடும் ஒருவரிக் காப்புப்பிரதிக் கட்டளை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் பட்டியலான கிரான்டேப்பில் எழுதினால் ஓடுவதில்லை. அதையே தனி ஸ்கிரிப்டாக்கிக் கிரானிலிருந்து அழைத்தால் ஓடுகிறது, ஆனால் கோப்பின் பெயரில் சில வேளைகளில் ஒரு நாள் தள்ளி வருகிறது.

பதில்: இவை தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். கிரான்டேப்பில் விழுக்காட்டுக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு. முதல் விழுக்காட்டுக் குறியோடு கட்டளை முடிந்துவிட்டதாகவும், அதன் பின் வருவதெல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளிட வேண்டிய வரிகள் என்றும் கிரான் எடுத்துக்கொள்ளும். ‘டேட்’டின் வடிவமைப்பு முழுவதும் விழுக்காட்டுக் குறிகளே என்பதால் கட்டளை பாதியில் அறுந்துபோகிறது. ஒவ்வொரு குறிக்கு முன்னும் பின்சாய்கோடு இடலாம். நீங்கள் செய்ததுபோலத் தனி ஸ்கிரிப்டாக வைத்துக்கொள்வதே எனக்கு உகந்ததாகப் படுகிறது. கிரான்டேப்பில் பின்சாய்கோடுகளை எண்ணிக்கொண்டிருப்பது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு.

நாள் தள்ளி வருவதற்குக் காரணம் நேர மண்டலம். வழங்கிக் கணினிகள் பலவும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் அமைக்கப்பட்டிருக்கும்; உங்கள் இருக்கையில் நள்ளிரவு கடந்த பிறகும் அங்கே முந்தைய நாளாக இருக்கலாம், அல்லது அங்கே முன்னதாகவே மறுநாள் பிறந்திருக்கலாம். ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே ‘டிஇசட்’ (இங்கே ‘டி’ ஆங்கில அரிச்சுவடியின் இருபதாம் எழுத்து) மாறியில் வேண்டிய மண்டலத்தை எழுதிவிடுங்கள், அல்லது எல்லா இடத்திலும் ‘டேட் -யு’ என்று உலக நேரத்தையே கையாளுங்கள். எதைத் தேர்ந்தாலும் ஸ்கிரிப்ட் முழுவதும் ஒன்றாகவே இருக்கட்டும். நள்ளிரவை ஒட்டி ஓடும் ஸ்கிரிப்டில் நாளுக்கு ஒருமுறை, மணிக்கு ஒருமுறை என்று ‘டேட்’டைப் பிரித்து அழைக்கவும் கூடாது. முதல் அழைப்பு 23:59:59க்கும் இரண்டாவது 00:00:00க்கும் விழுந்தால், பழைய நாளும் புதிய மணியும் சேர்ந்து, அந்த ஓட்டத்துக்கு ஏறத்தாழ 24 மணி நேரம் முந்தைய முத்திரை ஒன்று கிடைக்கும். ஒரே முறை அழைத்து, கிடைத்ததை மாறியில் வைத்துக்கொண்டு அதிலிருந்து பிரித்தெடுங்கள்.

கேள்வி: 30 நாள் கடந்த பதிவுக் கோப்புகளை நீக்க, ‘ஃபைண்ட்’ கட்டளையில் ‘-எம்டைம் +30’ என்று எழுதியிருக்கிறேன். முப்பதரை நாள் ஆன கோப்புகள்கூட நீங்காமல் இருக்கின்றன. அண்மையில் எல்லாவற்றையும் ‘சிபி -ஆர்’ கட்டளையால் புதிய வட்டுக்கு நகலெடுத்தேன். அதன் பிறகு ஒரு கோப்புகூட நீங்கவில்லை. உருவான நேரத்தைப் பார்த்து நீக்கலாம் என்று ‘-சிடைம்’ போட்டேன், அப்போதும் பயனில்லை.

பதில்: முதல் ஐயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். ‘ஃபைண்ட்’ கோப்பின் வயதை 24 மணி நேரக் கூறுகளாக எண்ணி, மிச்சப் பின்னத்தைத் தள்ளிவிடும். முப்பதரை நாள் அதற்கு 30. ‘+30’ என்றால் 30ஐ விட மிகுந்தது என்று பொருள். ஆகவே முழுதாக 31 நாள் ஆகும்வரை அது அந்தக் கோப்பைத் தொடாது. ‘-எம்டைம் +29’ என்று எழுதலாம். நிமிடக் கணக்கில் துல்லியமாக வேண்டுமென்றால் ‘-எம்மின் +43200’ என்று எழுதலாம். 30ஐ 1440ஆல் பெருக்கிய எண் அது. எதை எழுதினாலும் ‘-டிலீட்’ போடுவதற்கு முன் ‘-பிரின்ட்’ போட்டுப் பட்டியலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மற்ற இரண்டும் நேரமுத்திரைகள் எவை என்பதில் எழும் குழப்பங்கள். யூனிக்ஸ் மரபில் ஒரு கோப்புக்கு மூன்று நேரங்கள் உண்டு. உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம் எம்டைம். ‘எல்எஸ் -எல்’ காட்டுவது அதைத்தான். கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம் ஏடைம். மூன்றாவதான சிடைம் என்பதன் முதலெழுத்தைப் பார்த்து அது உருவான நேரம் என்று நினைத்துவிடுகிறோம். என் அனுபவத்தில் இவ்வளவு பேரை ஏமாற்றிய பெயர் இத்துறையில் வேறில்லை. உண்மையில் அது கோப்பைப் பற்றிய விவரங்கள், அதாவது உரிமையாளர், அனுமதிகள், இணைப்புகளின் எண்ணிக்கை போன்ற ஐநோடு விவரங்கள் கடைசியாக மாறிய நேரம். உள்ளடக்கம் மாறினாலும் அது மாறும். அனுமதியை மட்டும் மாற்றினாலும் மாறும். ‘டச்’ கட்டளையால் எம்டைமையும் ஏடைமையும் வேண்டிய நாளுக்குத் தள்ளி வைக்கலாம். சிடைமை அப்படித் தள்ளி வைக்க முடியாது, ‘டச்’ செய்த அந்தக் கணமே அதுவும் இன்றைய நேரமாகிவிடும். நீங்கள் புதிய வட்டுக்கு மாற்றியபோது எல்லாக் கோப்புகளுக்கும் சிடைம் மாற்றிய நாளாகவே அமைந்திருக்கும். அதை வைத்து நீக்கப் பார்த்ததால் ஒன்றும் நீங்கவில்லை.

எம்டைமும் அதே நாளாக மாறியதற்குக் காரணம் ‘சிபி’. தனிச் சுவிட்சு கொடுக்காவிட்டால் அது நகலுக்கு நகலெடுத்த நேரத்தையே இடும். ‘-பி’ (கட்டளையின் பெயரில் உள்ள அதே எழுத்து) சேர்த்திருந்தால் மூலக் கோப்பின் நேரமும் அனுமதிகளும் கூடவே வந்திருக்கும். நகலெடுக்கும் மற்றொரு கட்டளையான ‘ஆர்சிங்க் -ஏ’ நேரத்தைத் தானாகவே காக்கும். ‘டார்’ கட்டும்போதும் பிரிக்கும்போதும் எம்டைம் பிழைத்துவிடும். பழைய வட்டு இன்னும் கையில் இருக்கிறதென்றால், அதிலிருந்து புதிய வட்டுக்கு ‘ஆர்சிங்க் -ஏ’ ஒருமுறை ஓட்டினால் நேரங்கள் பழையபடி ஒத்துப்போகும். ஒருசில கோப்புகளே என்றால் ‘டச் -ஆர்’ என்று எழுதி, முதலில் மூலக் கோப்பின் பெயரையும் அடுத்து நகலின் பெயரையும் கொடுங்கள். முன்னதன் நேரம் பின்னதற்கு ஏறும். பழைய வட்டு இல்லாமல், பெயரில் மட்டும் தேதி இருக்கிறதென்றால், அதைப் பிரித்தெடுத்து ‘டச் -டி’க்குக் கொடுத்து நேரத்தை மீட்கலாம். பெயரில் தேதி எழுதும் வழக்கத்தை நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான்: நேரமுத்திரை ஒரு நகலெடுப்பில் தொலைந்துவிடும், பெயர் தொலையாது.

கோப்பு பிறந்த நேரம் என்று தனியே ஒன்று இல்லையா என்றால், இருக்கிறது. ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் அதைப் பதிந்துவைக்கின்றன. 2017இல் வந்த லினக்ஸ் கருவின் (கெர்னல்) 4.11ஆம் பதிப்பு முதல் அதைக் கேட்டுப் பெற வழியும் உண்டு. புதிய ‘ஸ்டாட்’ கட்டளை அதைக் காட்டும். ஆனால் அது இந்த வட்டில் இந்த நகல் பிறந்த நேரமே ஒழிய, ஆவணம் எழுதப்பட்ட நேரம் அன்று. பழைய பதிவுகளைக் களைய அது உங்களுக்கு உதவாது.

ஏடைமை நம்பி எதையும் நீக்க வேண்டாம். ஒவ்வொரு வாசிப்புக்கும் வட்டில் ஓர் எழுத்து வேலை கூடுகிறது என்பதால், 2009இல் வந்த 2.6.30ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் கரு இயல்பாகவே சிக்கனம் பிடிக்கிறது. முந்தைய ஏடைம் எம்டைமுக்கோ சிடைமுக்கோ பின்தங்கியிருந்தாலோ, ஒரு நாளுக்கு மேல் பழையதாகிவிட்டாலோ மட்டுமே அது புதுப்பிக்கப்படும். இந்த இடத்தில் யுஎஸ்பி துண்டுகளுக்குக் காப்புப்பிரதி எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபாட் கோப்பு முறைமை எம்டைமை இரண்டு நொடிக்கு ஒருமுறை என்ற துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஆகவே மாறாத கோப்புகளும் ஒரு நொடி வேறுபட்டு, ‘ஆர்சிங்க்’ அவற்றை மீண்டும் மீண்டும் நகலெடுத்துக்கொண்டிருக்கும்; ‘--மாடிஃபை-விண்டோ=1’ என்று சேர்த்தால் அந்த வேறுபாட்டை அது பொருட்படுத்தாது.

கேள்வி: சென்ற மாதத்தின் பெயரைப் பெற ‘டேட் -டி’க்கு ‘1 மன்த் அகோ’ என்று கொடுக்கிறேன். மார்ச் 31 அன்று ஓட்டியபோது சென்ற மாதமும் மார்ச் என்றே வந்தது. இரண்டு தேதிகளுக்கிடையே எத்தனை நாள் என்ற கணக்கிலும் சில வேளை ஒரு நாள் குறைகிறது.

பதில்: மார்ச் 31இலிருந்து ஒரு மாதம் கழித்தால் பிப்ரவரி 31. அப்படி ஒரு நாள் இல்லாததால் குனு ‘டேட்’ மிகுதி நாள்களை அடுத்த மாதத்தில் தள்ளி, சாதாரண ஆண்டில் மார்ச் 3 என்றும், நெட்டாண்டில் மார்ச் 2 என்றும் விடை தருகிறது. இது பிழை அன்று. மாதம் என்பது நிலையான நீளம் இல்லாத அலகு என்பதன் விளைவு. நடப்பு மாதத்தின் 15ஆம் நாளை எடுத்து அதிலிருந்து ஒரு மாதம் கழியுங்கள். எந்த மாதத்திலும் 15ஆம் தேதி உண்டு. சென்ற மாதத்தின் கடைசி நாள் வேண்டுமென்றால், நடப்பு மாதத்தின் முதல் நாளிலிருந்து ஒரு நாள் கழித்தால் போதும். கழிக்கும்போது ஓர் எச்சரிக்கை: ‘2024-03-01 10:00 -1 டே’ என்று மணியை அடுத்துக் கழித்தல் எண்ணை எழுதினால், ‘டேட்’ அந்த -1ஐ நேர மண்டலம் என்று படித்துவிட்டு, எஞ்சிய ‘டே’ என்ற சொல்லுக்கு ஒரு நாளைக் கூட்டிவிடும். கழிக்கப்போய்க் கூட்டியது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ‘1 டே அகோ’ என்று எழுதினால் அந்தக் குழப்பம் எழாது.

நாள் குறைவதற்குக் காரணம் கோடைக்கால நேர மாற்றம். 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணப்படும் நொடிகளை ‘%எஸ்’ மூலம் பெற்று, இரண்டையும் கழித்து, 86400ஆல் வகுக்கிறீர்கள் என்று கொள்கிறேன். கடிகாரத்தை முன்தள்ளும் மண்டலங்களில் ஆண்டில் ஒரு நாளுக்கு 23 மணி நேரமே உண்டு. அந்த நாள் இடையில் வந்தால் வகுத்த ஈவு 30.96 போல நின்று, முழு எண்ணாக்கும்போது 30 ஆகிவிடும். இரண்டு தேதிகளையும் ‘டேட் -யு’ கொண்டு உலக நேரத்தில் படித்தால் எல்லா நாளும் 86400 நொடியாகவே இருக்கும். நொடி எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடும் இந்த முறையைத் தயங்காமல் கையாளலாம்; குறியோடு கூடிய 32 இருமத்தில் (பிட்) அது 2038 ஜனவரி 19, உலக நேரம் 03:14:07 உடன் நிரம்பிவிடும் என்பது பழைய கணினிகளுக்குத்தான் கவலை, 64 இருமக் கணினியில் பாஷ் அந்த எல்லையைத் தாண்டியும் எண்ணும்.

கேள்வி: லினக்ஸில் எழுதிய தேதி ஸ்கிரிப்ட் மேக் கணினியில் ஓடவில்லை. இரண்டிலும் ஓடும்படி எழுத முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். மேக்கில் இருப்பது பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் வகையின் மரபில் வந்த ‘டேட்’. வடிவமைப்புக் குறிகள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றே; ஆனால் எழுத்தில் உள்ள தேதியைப் படிக்கும் ‘-டி’ மேக்கில் அந்தப் பொருளில் இல்லை. அங்கே ‘-ஜே -எஃப்’ என்று எழுதி, வரும் தேதி எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் நீங்களே சொல்ல வேண்டும். ஊகிக்க இடமில்லாததால் இந்த முறையே எனக்கு நேர்மையானதாகத் தோன்றுகிறது. ஆனால் அதிலும் ஒரு குழி உண்டு: தேதியை மட்டும் கொடுத்து மணியைக் கொடுக்காவிட்டால், நள்ளிரவு என்று கொள்ளாமல் ஓட்டிய வேளையின் மணியை அது நிரப்பிக்கொள்ளும். ஆகவே 00:00:00 என்பதையும் சேர்த்தே கொடுங்கள். நாள்களைக் கூட்டிக் கழிக்க அங்கே ‘-வி’ என்ற சுவிட்சு இருக்கிறது.

கோப்பின் எம்டைமை நொடிகளில் பெற லினக்ஸில் ‘ஸ்டாட் -சி’யும் ‘%பெரிய ஒய்’யும், மேக்கில் ‘ஸ்டாட் -எஃப்’பும் ‘%எம்’மும் எழுத வேண்டும். முன்னதை ஓட்டிப் பார்த்துத் தோற்றால் பின்னதை ஓட்டு என்ற வரிசையில் எழுதுங்கள், தலைகீழாக எழுதாதீர்கள். லினக்ஸில் ‘-எஃப்’ என்றால் கோப்பு முறைமையின் விவரம் என்று பொருள். ஆகையால் அங்கே பிழைச்செய்தியோடு சேர்த்து நீங்கள் கேட்காத பல வரிகளும் உங்கள் மாறிக்குள் புகுந்துவிடும். எது புதியது என்று ஒப்பிடுவது மட்டுமே நோக்கம் என்றால் ‘ஸ்டாட்’டே தேவையில்லை; ‘-என்டி’ (‘டிஇசட்’டில் உள்ள அதே ‘டி’) என்ற சோதனை இரண்டு கணினிகளின் ஷெல்களிலும் ஒன்றுபோல வேலை செய்யும். ‘டச் -டி’க்குப் பதிலாக, ஆண்டு முதல் நிமிடம் வரை இடைவெளியின்றி 12 இலக்கங்களாக எழுதும் ‘டச்’சின் மற்றொரு ‘டி’, அதாவது ஆங்கில அரிச்சுவடியின் இருபதாம் எழுத்து, இரண்டிலும் செல்லும். பாஷின் ‘பிரின்ட்எஃப்’ வழியாகத் தேதி எழுதும் வசதி 4.2ஆம் பதிப்பில் வந்தது. மேக்கோடு வரும் பாஷ் 3.2 என்பதால் அதை அங்கே நம்ப முடியாது. இவ்வளவும் தொல்லையாகத் தோன்றினால் மேக்கில் ஹோம்புரூ என்னும் நிறுவல் கருவி வழியாகக் குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸின் அதே ‘டேட்’, அங்கே ‘ஜிடேட்’ என்ற பெயரில் கிடைக்கும்.